சாரண ஆசிரியர்க்கு ஒரு பயிற்சி நாள்

சாரணர் இயக்கம் சிறுவர்க்கு உரியது என்பதை அனைவரும் அறிவர். அந்த இயக்கத்தைத் தோளில் சுமந்து நிற்போர் பெரியவர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குடியரசு நாள் அணிவகுப்பில் மிடுக்காக நடந்து செல்லும் முப்பது சிறுவர்க்குப் பின்னால், அதற்கென ஊதியம் எதுவும் பெறாத ஒருவர் இருக்கிறார். நம் நாட்டில் அவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். தாமே விரும்பி இப்பணிக்கு வந்தவரும் உண்டு; தலைமையாசிரியர் சொல்லைத் தட்ட முடியாமல் வந்து, பின்பு சிறுவர்களின் அன்பால் கட்டுண்டு நின்றவரும் உண்டு. எவ்வழியில் வந்தவராயினும், வாரம் முழுவதும் வகுப்பறையில் உழைத்த பின், எஞ்சிய ஓய்வு நேரத்தை அவர் பிறர் பிள்ளைகளுக்காகச் செலவிடுகிறார்.

இத்தகைய ஒருவரை, "பயிற்சிக்கு வாருங்கள்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறோம். அவர் அதிகாலையில் எழுந்து, இரண்டு பேருந்து மாறி வந்து சேர்கிறார். வந்தவருக்குக் கிடைப்பது என்ன? வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. பகல் உணவுக்குப் பின் இயக்கத்தின் வரலாறு குறித்து ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு. அதன்பின் நன்றியுரை, சான்றிதழ். மாலையில் வீடு திரும்பும்போது அவர் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வரும் வெள்ளிக்கிழமைப் படைக் கூட்டத்தில் செய்வதற்குப் புதிதாக ஒன்றும் இராது. அடுத்த முறை அழைப்பு வந்தால், அன்று உறவினர் வீட்டுத் திருமணம் இருப்பதாக அவர் சொல்லிவிடுவார். அவர் மெல்ல விலகினால் அப்பள்ளியின் சாரணர் படையும் கலையும். ஆகவே ஒரு பயிற்சி நாளைச் சரியாகத் திட்டமிடுவது சிறு செயலன்று. அதை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரவுன்சீ தந்த பாடம்

சாரணர் இயக்கத்தின் தொடக்கமே ஒரு பயிற்சி முகாம்தான். 1907 ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ என்னும் சிறு தீவில், இராணுவத் தளபதி பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். புகழ்பெற்ற உயர்குடிப் பள்ளிகளில் படித்தவரும், சாதாரணக் குடும்பங்களிலிருந்து வந்தவரும் அதில் ஒன்றாக வாழ்ந்தனர். அவர்கள் ஓநாய், எருது, காக்கை, குருகு எனப் பெயரிட்ட நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன்.

அம்முகாமில் நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, ஒரு நாளுக்கு ஒரு பொருள் என்னும் ஒழுங்கு. ஒரு நாள் கூர்ந்து நோக்கல், மற்றொரு நாள் காட்டறிவு, பிறிதொரு நாள் உயிர் காத்தல் எனப் பொருள்கள் வகுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கும் முயற்சி அங்கு இல்லை. இரண்டாவது, கற்பித்த முறை. இரவில் முகாம் தீயைச் சுற்றி அமர்ந்து, மறுநாளுக்கு உரிய பொருளைப் பற்றிச் சிறு கதைகளும் எடுத்துக்காட்டுகளும் கூறுவார் பேடன் பவல். மறுநாள் காலையில் செய்து காட்டுவார். அதன்பின் சிறுவர்கள் அதையே விளையாட்டாகவும் போட்டியாகவும் செய்து பழகுவர். முறையான சொற்பொழிவு சிறுவர்க்குச் சலிப்பூட்டும் என்பதை அவர் அம்முகாம் பற்றிய தம் குறிப்பிலேயே எழுதிவைத்தார்.

சிறுவர்க்குச் சலிப்பூட்டும் சொற்பொழிவு பெரியவர்க்கு மட்டும் இனிக்குமா? பெரியவர் நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவார். சிறுவன் வாய் திறந்து விடுவான். வேறுபாடு அவ்வளவே.

கில்வெல்லில் பெரியவர்கள்

இயக்கம் வளர வளர, படைகளை நடத்துவோர்க்கும் பயிற்சி வேண்டும் என்பது தெளிவாயிற்று. தொடக்கத்தில் லண்டனிலும் யார்க்‌ஷயரிலும் சாரண ஆசிரியர்க்குச் சில பயிற்சிகள் நடந்தன. முதல் உலகப் போர் அம்முயற்சிக்குத் தடையாக வந்தது. போருக்குச் சென்ற இளம் தலைவர் பலர் திரும்பவில்லை. அணிமுறை பற்றி 1914-இல் நூல் எழுதிய ரோலண்ட் பிலிப்ஸ் என்பவரும் 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் மாண்டார்.

போர் முடிந்ததும், மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துச் செல்வர் அளித்த கொடையால், லண்டன் நகரை ஒட்டிய எப்பிங் காட்டின் ஓரத்தில் கில்வெல் பூங்கா என்னும் இடம் வாங்கப்பட்டது. 1919 செப்டம்பர் 8 அன்று சாரண ஆசிரியர்க்கான முதல் வுட் பேட்ஜ் பயிற்சி அங்கே தொடங்கியது. பிரான்சிஸ் கிட்னி என்பவர் முகாம் தலைவராக இருந்தார்.

அங்கே வந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் அணிகளாகப் பிரிந்தார்கள். கூடாரம் அடித்தார்கள், சமைத்தார்கள், முறைவைத்து அணித்தலைவராக இருந்தார்கள். தம் படையில் ஒரு சிறுவன் எதைப் பெற வேண்டுமோ, அதைத் தாமே முதலில் பெற்றார்கள். கூடாரம் ஒழுகினால் எப்படி இருக்கும், சோறு குழைந்தால் அணிக்குள் எப்படிப் பூசல் எழும் என்பதை அனுபவித்து அறிந்தவர்தாமே சிறுவனின் நிலையை அறிவார்! முகாம் முடிந்தவுடன் பயிற்சி முடிந்துவிடவும் இல்லை. தம் ஊர் திரும்பித் தம் படையிலேயே பல மாதங்கள் கற்றதைச் செயற்படுத்திக் காட்டிய பின்னரே, தோல் கயிற்றில் கோத்த இரண்டு சிறு மரமணிகள் அவர்க்கு வழங்கப்பட்டன. சான்றிதழைக் கையில் கொடுத்துப் பயிற்சியை முடிக்கும் நம் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

நம் நாட்டில்

இந்தியாவில் 1909-இல் பெங்களூரில் முதல் சாரணர் படை தொடங்கிற்று. அது ஐரோப்பியச் சிறுவர்க்கே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்க்கும் இயக்கம் வேண்டும் என்று 1916-இல் சென்னையில் அன்னிபெசண்ட் அம்மையார் ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினார். 1918-இல் அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். இவ்வாறு பல கிளைகளாக நின்ற இயக்கம், நாடு விடுதலை பெற்றபின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் இயக்கமாக ஒன்றுபட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. மத்தியப் பிரதேசத்து மலைநகரான பச்மரியில் அதன் தேசியப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, இமாலய வுட் பேட்ஜ் எனப் படிப்படியான பல நாள் முகாம்கள் நம் நாட்டிலும் உள்ளன. அவற்றின் பாடத்திட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆயின் மாவட்ட அளவில், ஒரு பள்ளி வளாகத்தில், ஒரே நாளில் நடைபெறும் புத்தாக்கப் பயிற்சிகள் முழுவதும் நம் கையில் உள்ளவை. அவையே மிகுதியும் வீணாகின்றவை.

வளர்ந்தவர் கற்கும் முறை

வளர்ந்தவர் கற்கும் முறையைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். 1970-இல் வெளிவந்த தம் நூலில் அவர் நான்கு கருத்துகளை முன்வைத்தார். வளர்ந்தவர் தம்மைத் தாமே நடத்திக்கொள்ள விரும்புவர். பிறர் கட்டளையிட்டால் உள்ளம் சுருங்குவர். அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, பட்டறிவோடு வருகின்றனர். தம் வாழ்க்கையில் ஏற்றுள்ள பொறுப்புக்கு எது தேவையோ அதனைக் கற்க முன்வருவர். என்றேனும் பயன்படும் என்று சொல்லப்படும் பாடத்தைவிட, இன்றைய சிக்கலைத் தீர்க்கும் பாடத்தையே நாடுவர்.

இக்கருத்துகள் வளர்ந்தவர்க்கு மட்டும் உரியனவா என்று அறிஞர் பலர் வினவினர். நோல்ஸ் அவ்வினாவைப் புறக்கணிக்கவில்லை. சிறுவர் கல்விக்கு எதிராக முதியோர் கல்வியை நிறுத்திய தம் நூலின் துணைத்தலைப்பை, 1980-இல் வந்த பதிப்பில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதாக மாற்றினார். சாரணர் இயக்கத்தார்க்கு இதில் வியப்பில்லை. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவனும் தன்னை நடத்திக்கொள்வான் என்பதன்மேல்தான் அணிமுறையே நிற்கிறது.

பட்டறிவு ஒரு செல்வம். சில இடங்களில் அதுவே தடையும் ஆகும். முதலுதவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டு, கீறி இரத்தத்தை வெளியேற்று என்று பழைய முதலுதவி நூல்கள் பலவற்றில் எழுதியிருந்தது. அதைப் படித்து மனத்தில் பதித்தவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். இன்றைய மருத்துவம் இவ்விரண்டையும் கூடாது என்கிறது. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, நடக்கவிடாமல், கடிபட்ட கை அல்லது காலை மட்டை வைத்து அசையாமல் நிறுத்தி, மோதிரம் கடிகாரம் போன்றவற்றைக் கழற்றி, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இன்றைய நெறி. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வதும் பழைய பழக்கம்தான். முன்புறம் குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பதே சரி. தீப்புண்ணின்மேல் பற்பசையும் மையும் தடவுவார் இன்னும் உள்ளனர். குளிர்ந்த ஓடும் நீரை இருபது நிமிடம் விடுவதே முதல் உதவி.

இருபது ஆண்டுப் பணி உடைய சாரண ஆசிரியர் ஒருவரிடம் "நீங்கள் அறிந்தது தவறு" என்று மேடையிலிருந்து கூறினால் அவர் ஏற்பாரா? அவர் முகம் சிவக்கும். அவரையே அச்சூழலில் நிறுத்தி, "இச்சிறுவனைப் பாம்பு கடித்துவிட்டது, ஐயா. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவர் அணியினர் ஆறு பேரும் கலந்து பேச இடங்கொடுத்தால், பழையதும் புதியதும் அங்கேயே மோதித் தெளிவு பிறக்கும். ஒருவரும் சிறுமைப்பட மாட்டார். வளர்ந்தவர்க்கான பயிற்சியில் இம்மதிப்பைக் காப்பது முதற்கடமை. சிறுவனின் உயிரும் இதனுள் அடங்கியிருக்கிறது.

நோக்கம் ஒன்றாக இருக்கட்டும்

பயிற்சி நாளைத் திட்டமிடுவோர் பொதுவாக, யார் யார் பேசுவது என்று எழுதத் தொடங்குவர். அதற்கு முன்பு ஒரு வரி எழுதப்பட வேண்டும். இந்நாள் முடிந்தபின் இங்கு வந்தவர் தம் படையில் எதைச் செய்ய வல்லவராக இருப்பார் என்பதே அவ்வரி. "நடைப்பயணம் பற்றிய விழிப்புணர்வு" என்று எழுதினால் போதாது. "இருபத்தெட்டுச் சிறுவரை ஒரு பகல் நடைப்பயணத்துக்கு அழைத்துச் சென்று, அணித்தலைவர்களையே திட்டமிடச் செய்து, அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பார்" என்று எழுத வேண்டும். இவ்வரிக்கு உதவாத எந்த நிகழ்ச்சியும், அது எத்துணைச் சுவையானதாயினும், அன்றைய நிரலில் இடம்பெறலாகாது. பிரவுன்சீத் தீவில் ஒரு நாளுக்கு ஒரு பொருள் என்று வைத்த ஒழுங்கு இதுவே.

அடுத்துச் சிறு செய்திகளைக் கவனிக்க வேண்டும். இடம் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ளதா? குடிநீரும், பெண்கள் பயன்படுத்தத் தக்க தூய கழிப்பறையும் உள்ளனவா? சாரணியர் தலைவியர் இருட்டுமுன் வீடு சேரத்தக்க நேரத்தில் நிகழ்ச்சி முடியுமா? தேர்வுக் காலமும் திருவிழாக் காலமும் தவிர்க்கப்பட்டனவா? பயணப்படி உண்டா, இல்லையா என்பது அழைப்பிலேயே தெளிவாக எழுதப்பட்டதா? இவற்றை அற்பமென ஒதுக்குவோர் பயிற்சியில் பாதி நாற்காலிகள் வெறுமையாகவே இருக்கும்.

ஒரு நாளின் திட்டம்

மேலே கூறிய நடைப்பயணத்தையே நோக்கமாகக் கொண்டு, இருபத்து நான்கு பேருக்கான ஒரு மாதிரித் திட்டத்தை இங்கே தருகிறேன்.

காலை 9.00 முதல் 9.30 வரை வருகை நேரம். முன்னதாக வந்தவர் சும்மா அமர்ந்திருக்கலாகாது. ஒரு மேசையில் துணி விரித்து, நடைப்பயணத்துக்கு உரிய இருபத்து நான்கு பொருள்களைப் பரப்பி வைக்கலாம். வருவோர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, திரும்பி நின்று நினைவிலிருந்து எழுத வேண்டும். கிப்ளிங்கின் கிம் என்னும் புதினத்திலிருந்து பேடன் பவல் எடுத்துக்கொண்ட கிம் விளையாட்டு இதுவே. இதனோடு ஒரு வினாவையும் சேர்க்கலாம்: இம்மேசையில் இருக்க வேண்டியவற்றுள் இல்லாத மூன்று பொருள்கள் எவை? வந்தவர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிடுவர். அறிமுகப் படலம் தானே முடிந்துவிடும்.

9.30-க்கு இறைவணக்கம், கொடியேற்றம். வரவேற்பு ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது. அன்றைய நோக்கத்தை ஒரே வரியில் கூறி, அறுவர் கொண்ட நான்கு அணிகளை அமைத்துவிட வேண்டும். ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்களை வெவ்வேறு அணிகளில் சேர்த்தல் நலம். புதியவரும் பழையவரும் ஒவ்வோர் அணியிலும் கலந்திருக்க வேண்டும்.

9.50 முதல் 11.00 வரை திட்டமிடல். ஒவ்வோர் அணிக்கும் அப்பகுதியின் வரைபடம் ஒன்றும் ஒரு தாளும் தரப்படும். ஆறு கிலோமீட்டர் நடை, இருபத்தெட்டுச் சிறுவர், மாலை ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். பெற்றோர் இசைவு, பள்ளியின் அனுமதி, வழி, நிழல், குடிநீர், உணவு, செலவு, அருகிலுள்ள மருத்துவமனை ஆகிய அனைத்தையும் அணியே முடிவு செய்யும். பெரியவர் இருவரேனும் உடன் செல்ல வேண்டும், ஒரு சிறுவனோடு ஒரு பெரியவர் தனித்திருக்கும் நிலை நேரலாகாது என்னும் விதியை இங்கே வலியுறுத்த வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி ஒவ்வொரு தலைவரும் அறிந்திருத்தல் கடமை. இவ்வேளையில் பயிற்றுநர் விடை கூறலாகாது. கேட்டால், "உங்கள் அணி என்ன கருதுகிறது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

11.00-க்கு மோர். 11.15 முதல் 1.00 வரை வெளியே நடை. இரண்டு கிலோமீட்டர் போதும். வழியில் நான்கு நிலைகள் அமைக்கப்படும். முதல் நிலையில் ஒரு சிறுவனைப் பாம்பு கடித்துவிட்டது. இரண்டாம் நிலையில் ஒருவன் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டான். நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறிக் குளிர்விப்பார்களா, நினைவற்ற வாயில் நீரை ஊற்றிவிடுவார்களா என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நிலையில் எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு பேரே இருக்கின்றனர். நான்காம் நிலை ஓர் ஊர்க்குளம். குளத்தைக் கண்ட சிறுவர் குளிக்கத் துடிப்பர்; நீந்தத் தெரியாதவன் ஒருவன் இறங்கியும் விட்டான். தாமும் குதிக்காமல், கம்பையோ கயிற்றையோ நீட்டிக் காப்பாற்றும் வழியை எத்தனை பேர் எண்ணுகின்றனர்? கல்லூரித் திரிசாரணர் நால்வர் அடிபட்ட சிறுவராக நடிக்கலாம். ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடச் செயல், அதன்பின் ஐந்து நிமிடக் கலந்துரையாடல். "என்ன நடந்தது? ஏன் அவ்வாறு செய்தோம்? இனி எவ்வாறு செய்வோம்?" என்னும் மூன்று வினாக்கள் போதும். செயல், சிந்தனை, தெளிவு, மறுசெயல் எனச் சுழலும் கல்விச் சக்கரத்தை 1984-இல் டேவிட் கோல்ப் தம் நூலில் விளக்கினார். இம்மூன்று வினாக்களும் அச்சக்கரத்தையே உருட்டுகின்றன.

1.00 முதல் 1.45 வரை உணவு. இதைச் சுருக்க முயல வேண்டா. ஒரு படைத்தலைவரின் நெஞ்சில் நெடுநாள் கிடந்த சிக்கல் இலை முன் அமர்ந்திருக்கும்போதுதான் வெளிவரும்.

1.45-க்கு உறக்கம் கண்ணைக் கட்டும் நேரம். இந்நேரத்தில் எந்த மேதையின் சொற்பொழிவும் எடுபடாது. கயிறும் முடிச்சும் கொண்ட அணிப்போட்டியை இங்கே வைக்கலாம். கட்டுத்துணியை முடிவதற்கு ஏற்ற ரீப் முடிச்சு, ஆள் எடையைத் தாங்கும் இரண்டு கயிறுகளை இணைப்பதற்கு ஏற்றதன்று. இதைச் சொல்லிக் காட்டுவதினும், எடை கட்டித் தொங்கவிட்டு நழுவுவதைக் காட்டுவது நன்று.

2.15 முதல் 3.00 வரை பட்டறிவுப் பரிமாற்றம். "என் படையில் பயன் தந்த ஒரு வழி" என்னும் தலைப்பில் அணிக்குள் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசுவர். பணமில்லாத பள்ளியில் கூடாரத்துக்குப் பதிலாகப் பழைய தார்ப்பாயைப் பயன்படுத்துவது எப்படி, பிள்ளையை அனுப்ப மறுக்கும் தாயிடம் எவ்வாறு பேசுவது என்பவற்றை எந்தக் கையேட்டிலும் காண இயலாது. அவை வந்தவர்களிடமே உள்ளன.

3.00 முதல் 3.30 வரை ஒவ்வொருவரும் தம் படைக்குரிய நடைப்பயணத்தை எழுதுவர்: நாள், இடம், உடன் வரும் பெரியவர், நாளையே செய்ய வேண்டிய முதல் செயல். எழுதியதை அருகிலிருப்பவர் படித்துக் குறை சொல்வார்.

3.30 முதல் 3.50 வரை ஏட்டை மூடிவிட்டு, அன்று கற்றதை நினைவிலிருந்து ஒருவர்க்கொருவர் சொல்லிக்காட்டல். ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலார் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத் தக்கது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தபின் தாமே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவரே முந்தினர். நமக்குத் தேவை ஒரு வாரம் கழித்து நிற்கும் நினைவுதான். படைக் கூட்டம் அப்போதுதானே நடைபெறும்! தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவ நண்பர்களும் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

4.00 மணிக்குக் கொடியிறக்கம். சொன்ன நேரத்தில் முடிப்பது வந்தவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

பயிற்றுநர் கவனத்துக்கு

நம் சாரண ஆசிரியர் பலர் வகுப்பறை ஆசிரியரும் ஆவர் என்று முன்பே கண்டோம். இதில் ஒரு நன்மையும் ஓர் இடரும் உண்டு. சிறுவரை அறிந்தவர் என்பது நன்மை. கரும்பலகையைக் கண்டால் கை சுண்ணக்கட்டியைத் தேடும் என்பது இடர். பயிற்சி நாளை நாம் வகுப்பாக நடத்தினால், அவரும் தம் படைக் கூட்டத்தை ஐந்து நாள் வகுப்புக்கு அடுத்த ஆறாம் நாள் வகுப்பாகவே நடத்துவார். நாம் கூறுவதைக் காட்டிலும் நாம் நடத்தும் முறையையே அவர் பின்பற்றுவார். அணிமுறையின் சிறப்பை ஒரு மணி நேரம் விரிவுரையாற்றும் பயிற்றுநர், அந்த ஒரு மணி நேரமும் அணிமுறைக்கு எதிரான பாடத்தையே நடத்துகிறார்.

சிறப்பு விருந்தினரை அழைக்கவே கூடாதா என்று கேட்கலாம். அழைக்கலாம். அவர் ஓர் அணியில் ஒருவராக அமர்ந்து, முடிச்சுப் போட இசைந்தால் வரட்டும். அவ்வாறு வரும் அதிகாரியின் நினைவில் சாரணர் படை நெடுநாள் நிற்கும்.

பயன் கண்டறிதல்

மாலையில் ஒரு தாளைக் கொடுத்து, "பயிற்சி எப்படி?" என்று கேட்டால், "மிக நன்று" என்றே எழுதுவர். நம்மவர் விருந்தோம்புவாரைக் குறை கூற மனம் கொள்ளார். 1959-இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பவர் பயிற்சியை அளக்க நான்கு படிகளைக் கூறினார். வந்தவர் மகிழ்ந்தாரா? கற்றாரா? கற்றதைத் தம் பணியிடத்தில் செய்தாரா? அதனால் விளைந்த பயன் யாது? நாம் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம்.

ஆறு வாரம் கழித்து, வந்த இருபத்து நால்வர்க்கும் ஓர் அஞ்சலட்டையோ கைப்பேசிச் செய்தியோ அனுப்பி, இரண்டு வினாக்களைக் கேட்கலாம். நடைப்பயணம் நடந்ததா? நடக்கவில்லையெனில் தடை யாது? பத்துப் பேர் நடத்தியிருந்தால் அது நல்ல பயிற்சி. ஒருவரும் நடத்தவில்லையெனில், கிடைக்கும் விடைகளே அடுத்த பயிற்சி நாளின் பாடத்திட்டம். "தலைமையாசிரியர் அனுமதி தரவில்லை" என்று பன்னிருவர் எழுதினால், அடுத்த கூட்டத்துக்கு அழைக்க வேண்டியவர் சாரண ஆசிரியர் அல்லர், தலைமையாசிரியரே.

முடிவுரை

இக்கட்டுரை சாரணர்க்கு மட்டும் உரியதன்று. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் தொண்டர்க்கும், முதியோர் கல்வி நிலையங்களில் கற்பிக்கச் செல்வோர்க்கும், இரத்ததான முகாம் நடத்துவோர்க்கும் நாம் பயிற்சி தருகிறோம். அங்கெல்லாம் தம் நேரத்தை இலவசமாகத் தருவோரே வருகின்றனர். ஊதியம் பெறுவோர், பயிற்சி பயனற்றதாயினும் அடுத்த நாள் பணிக்கு வந்தாக வேண்டும். தொண்டர்க்கு அக்கட்டாயம் இல்லை. ஆகவே தொண்டர்க்கான பயிற்சி, ஊழியர்க்கான பயிற்சியைக் காட்டிலும் ஒருபடி சிறந்ததாக இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் ஆசிரியர் பயிற்சிக்குச் செல்கின்றனர். நாளை ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியில் சாரணர் படை ஒன்று அவர்கள் கையில் ஒப்படைக்கப்படலாம். அதற்கு முன்பாகவே, மாவட்டத்தில் நடைபெறும் இத்தகைய பயிற்சி நாள்களுக்கு நம் மாணவர்கள் நால்வராகவும் அறுவராகவும் சென்று, அடிபட்ட சிறுவராக நடித்தும், வரைபடம் வரைந்தும், மோர் ஊற்றியும் உதவலாம். அதற்கு நம் பேராசிரியப் பெருமக்கள் இசைவும் ஊக்கமும் தருவார்கள் என்று நம்புகிறேன்.